மடிப்புக் கலையாத விரிப்பு

அந்த பெட்ஷீட்டின் மடிப்புகள் மனதை விட்டுப் போக மறுக்கின்றன. அட்டையை உள்ளே வைத்து மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மடிப்பு. ஒருமுறைகூட விரித்துப் படுக்காத, தண்ணீர் படாத துணிக்கே உரிய கோடுகள். வெளிர் ரோஸ் நிறம், ஓரத்தில் நீலப் பூ. அது கட்டிலில் கிடக்கவில்லை. தண்ணீர் டிரம்மின் மேல் தரை வரைக்கும் தொங்கியது.

நடந்தது சின்ன விஷயம். என் தங்கை மகள் மாஸ் மீடியா கடைசி வருஷம் படிக்கிறாள். புராஜெக்டுக்காகச் சில பிள்ளைகள் சேர்ந்து பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்று எடுக்க வேண்டும். விட்டல்வாடி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒற்றை அறையில் இருக்கும் ஒரு திருநெல்வேலி ஆச்சியைப் பற்றி எடுப்பது என்று முடிவாயிற்று. ஜீன்ஸ் பேன்டில் துருத்தி நிற்கும் நூலை வெட்டிக் கொடுக்கும் ‘தாகா கட்டிங்’ வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவர். எனக்குப் பழக்கமானவர் என்பதால் நானும் கூடப் போனேன். இடம் பார்க்கப் போன அன்றே பிள்ளைகளின் கண் அந்த நீல டிரம்மில் நின்றுவிட்டது. மேலே அலுமினியத் தட்டு, தட்டின் மேல் கவிழ்த்த மக், பக்கவாட்டில் காய்ந்த உப்புக் கறை. வாசல் வழியாக வந்த வெயில் அதன் மேல் மட்டும் விழுந்தது. முதல் ஷாட் அதுதான் என்று அங்கேயே எழுதிக்கொண்டார்கள்.

படப்பிடிப்பு அன்று போனால் டிரம்மைக் காணோம். ரோஸ் நிற விரிப்புக்குள் இருந்தது. கேமரா பிடிக்கும் பையன் மராட்டிக்காரன், தங்கமான பிள்ளை. “ஆஜி, யே நிகால் தூ?” என்று கேட்டபடியே துணியை இழுத்தான். “அது அசிங்கமால்லா தெரியும்?” என்று ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவனிடம், “கந்தா திக்தா ஹை, பேட்டா.” அவன் சிரித்துக்கொண்டே, அதுதான் வேண்டும் என்றான். ஆச்சி மறுக்கவில்லை. துணியை வாங்கினார். கடை மடிப்புகளின் மேலேயே விரலால் நீவி நீவி மடித்தார். உறையை எறியாமல் வைத்திருந்தார். அதைத் தேடி எடுத்து, உள்ளே போட்டு, தலையணைக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்த லென்ஸைத் திருப்பித் தரும் நேரம், ஒலி கெடாமல் இருக்க மின்விசிறியை எப்போதெல்லாம் நிறுத்துவது, கர்ஜத் லோக்கல் கடந்துபோகும் நேரங்கள், ஆச்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஒப்புதல் படிவம் என எல்லாம் நோட்டில் இருந்தன. என் தங்கை மகளின் மேசைக்கு மேலே பாயல் கபாடியாவின் படம் ஒட்டியிருக்கிறது. புணே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடிக்கும் படத்துக்காக அவர் யோசித்த கதைதான் பல வருஷம் வளர்ந்து ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ ஆகி, 2024-இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரி வாங்கியது. அந்தப் படத்தில் ஒரு மலையாள நர்ஸின் மும்பை வீட்டுக்குப் பார்சலில் வரும் ரைஸ் குக்கர், வராத புருஷனைப் பற்றி எவ்வளவோ பேசிவிடுகிறது. ஒரு பொருளைப் பேசவைக்க வேண்டும் என்பதை இவள் அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டாள். டிரம்மைப் பேசவைக்க நினைத்தாள். நியாயமான ஆசை.

ஆனால் அந்த நோட்டில் ஆச்சியின் தயாரிப்புக்கு இடமே இல்லை. அவரும் திட்டம் போட்டிருக்கிறார். கேமரா எங்கே நிற்கும், அதன் கண்ணில் எது படும் என்று அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பேன்டுக்குச் சில்லறையாக வரும் கூலியிலிருந்து பணம் எடுத்திருக்கிறார். கடையில் நின்று நிறம் பார்த்திருக்கிறார். டைரக்டர் செய்யும் வேலை இதைவிட வேறென்ன?

டிரம் ஏன் அசிங்கம் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். உல்லாஸ் ஆற்றின் பெயரைத் தாங்கிய ஊர் எங்கள் உல்லாஸ்நகர். ஆனாலும் மாநகராட்சிக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்.ஐ.டி.சி.யிடம்தான் வாங்குகிறது. ஊருக்குள் ஓடும் வால்துனி, ஜீன்ஸ் சாயத்தைச் சுமந்து சுமந்து கெட்டுப்போன ஆறு. தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்காதவள் குடும்பம் நடத்த முடியாது. டிரம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. எல்லார் வீட்டிலும் இருப்பதை ஏன் மறைக்க வேண்டும்? கேட்பது சுலபம். என் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் நானும் டிரம்மைக் குளியலறைக்குள் தள்ளிவிடுவேன்.

எங்கோ படித்தது நினைவுக்கு வருகிறது. எந்தப் புத்தகம் என்பது மறந்துவிட்டது. 1922-இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ என்ற ஆவணப்படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லையாம். அதை எடுத்த ராபர்ட் பிளாஹர்டி, ஒரு பக்கம் திறந்த பெரிய பனிவீட்டைக் கட்டவைத்து, அந்தத் திறப்பில் கேமராவை வைத்தார். துப்பாக்கி பழகிவிட்ட மனிதர்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பினார். அவர்களுடைய ‘உண்மையான’ வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் மனதில் முன்பே எழுதப்பட்டிருந்தது. எங்கள் பிள்ளைகளின் ஷாட் லிஸ்டும் அப்படித்தானோ? இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம். டிரம் அங்கே இருந்தது, அவர்கள் கொண்டுவரவில்லை.

1987-இல் ‘நாயகன்’ வந்தபோது தாராவியில் இருந்த சித்தப்பா வீட்டார், எங்கள் சந்து மாதிரியே இருக்கிறது என்று சுவரின் அழுக்கைக்கூட மெச்சினார்கள். படத்தில் அவர்கள் பார்த்த தாராவியின் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். தேசிய விருது வாங்கிய செட். அந்த அழுக்கு ஒரு கலைஞர் செய்த அழுக்கு, அதற்காக எந்த வீட்டுக்காரியும் கூச வேண்டியிருக்கவில்லை. அது ஒரு நிம்மதி.

நான் வளர்ந்தது கேம்ப் நான்கில். 1949 ஆகஸ்ட் 8 அன்று, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அடிக்கல் நாட்டிப் பேர் சூட்டிய ஊர் இது. அதற்கு முன் வெறும் ராணுவ முகாம், பிறகு சிந்தி அகதிகளின் முகாம். பாரக்கைத் தடுப்பு போட்டுப் பிரித்த ஓர் அறை எங்களுக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிந்திக் குடும்பம். அம்பாசமுத்திரத்தில் இருந்த பாட்டிக்கு அனுப்ப, அப்பா ஒரு நாள் போட்டோக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தார். அம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் திரைச்சீலையை இரவல் வாங்கி எங்கள் பின்னால் கட்டினாள். அந்தப் படத்தில் திரை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், வீடு இல்லை. பம்பாயில் என் மகன் வீடு என்று பாட்டி தெரு முழுக்கக் காட்டினாராம். அம்மாவுக்கு அதில் அவ்வளவு திருப்தி.

இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் திரையை விலக்கிவிடக் கை துடிக்கிறது. பின்னால் டிரங்குப் பெட்டி இருந்திருக்கும். பம்ப் ஸ்டவ் இருந்திருக்கும். சுவரில் அம்மா கரியால் கிழித்த பால் கணக்கு இருந்திருக்கும். பாரக்கை இடித்துக் கட்டடம் கட்டியாகிவிட்டது. அந்தச் சுவரை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

திரைச்சீலை தந்த அம்மாளுக்குச் சொந்த ஊர் சிந்து ஹைதராபாத். கூரைகளின் மேல் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கூண்டுகள் இருக்கும் என்று கையால் வரைந்து காட்டுவார். விட்டுவந்த வீட்டின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கொல்லைப்புறத்துச் சாக்கடையை யாராவது எடுத்து வைத்திருந்தால்கூட நெஞ்சோடு அணைத்திருப்பார்.

ஆனந்த் பட்வர்த்தனின் ‘ஹமாரா ஷஹர்’ 1985-இல் வந்தது. மும்பைக் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றிய படம். அதில் ஒரு பெண், எங்களைப் படம் பிடிப்பதால் எங்களுக்கு என்ன லாபம் என்று எடுக்க வந்தவர்கள் மேலேயே பாய்கிறாள். அவர் அதை வெட்டாமல் படத்திலேயே வைத்தார். கோபப்பட்டவளுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. ஆச்சி கோபப்படவில்லையே. துணியை மடித்தார், அவ்வளவுதான்.

அந்த மடிக்கும் வேளையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது எடிட்டிங்கின்போதுதான் தெரிந்தது. படத்திலேயே சிறந்த காட்சி அதுதான் என்று பிள்ளைகள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் மூட நினைத்ததைக் காட்டுவது ஒன்று. மூட நினைத்தார் என்பதையே காட்டுவது அதைவிடப் பெரிது. தங்கை மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆச்சியிடமே போனாள். முழுவதையும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எது நல்லதோ அதைப் போடுங்க தாயி” என்றாராம். டீயும் போட்டுக் கொடுத்தாராம்.

இது சம்மதமா, வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் ஆச்சி காட்டிய மரியாதையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒப்புதல் படிவம் முன்பே கையெழுத்தாகிவிட்டது, அதனால் சட்டப்படி கேள்வியே இல்லை. “வைக்கவா, எடுக்கவா, பெரிம்மா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மாவை நினைத்தால் எடுத்துவிடு என்று சொல்லத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அம்மாளை நினைத்தால் வாய் வரவில்லை. படத்தைக் கொடுக்கக் கல்லூரி வைத்த கடைசி நாள் நெருங்குகிறது. நான் இன்னும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.