நிரந்தரமாகாத நீதியரசர்

வாளையாறு எல்லையில் வாழும் நமக்குத் துலாக்கோல் புதிய பொருளன்று. சரக்கு சேவை வரி 2017இல் நடைமுறைக்கு வருமுன், வணிக வரிச் சோதனைச் சாவடியின் முன்னே நெடுந்தொலைவு வரிசையாய் நின்ற லாரிகளையும், எடைமேடையில் அவை ஒவ்வொன்றாய் ஏறி இறங்கியதையும் கண்டு பழகியவர்கள் நாம். எடைமேடை தன்மேல் நிற்கும் வண்டி யாருடையது என வினவுவதில்லை. நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவப் பெருந்தகையும் துலாக்கோலையே கைக்கொண்டார். அதனினும் பொருத்தமான உவமை வேறு இல்லை என்பதே என் எண்ணமாக இருந்தது. அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்த பின்னரே அவ்வுவமை தொடாத ஓரிடம் உளது என்பதை உணர்ந்தேன். துலாக்கோலுக்குப் பணி நிரந்தரமாக வேண்டுமே என்னும் கவலை கிடையாது. மூட்டைக்கு உரியவனே, அடுத்த ஆண்டும் அக்கோலை வைத்துக்கொள்வதா அல்லது எறிந்துவிடுவதா என்று முடிவு செய்பவனாக இருந்தால், கோலின் முள் எப்பக்கம் சாயும்?

நம் பழங்கதைகள் இவ்வினாவுக்கு விடை தருவனவல்ல. மனுநீதிச் சோழன் தேரேறித் தன் மகனையே தண்டித்தான். பொற்கைப் பாண்டியன் தன் கையையே குறைத்துக்கொண்டான். நெடுஞ்செழியன் தன் தீர்ப்பு பிழையென அறிந்த கணத்திலேயே உயிர் துறந்தான். பெருமைக்குரிய கதைகளே. ஆயின் இம்மூவரும் அரசர்கள் என்பதை மறத்தலாகாது. அவர்களைப் பணியில் உறுதி செய்ய வேண்டிய மேலதிகாரி எவரும் இலர். தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு நீதிபதியின் கதை நம் இலக்கியத்தில் நானறிந்த மட்டில் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையில் மட்டும் இதனைப் பற்றிய எண்ணம் சிறிது தென்படுகிறது. குடத்தினின்று ஓலையை எடுப்பது ஒரு சிறுவனின் கை. ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர் எந்தப் பெரியவருக்கும் கடன்பட்டவர் ஆகார்.

இக்காலத்தில் அரசனின் இடத்தில் சம்பளம் பெறும் நீதிபதி அமர்ந்துள்ளார். மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டு, மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு இணைந்தது 1956இல் என்பதை நாமனைவரும் அறிவோம். அவ்வமைப்புக்கு இசைய அரசியலமைப்பில் செய்யப்பட்ட 7ஆம் திருத்தமே, உயர் நீதிமன்றங்களுக்குக் கூடுதல் நீதிபதிகளை அமர்த்த வகை செய்யும் இன்றைய 224ஆம் பிரிவையும் கொண்டுவந்தது என்பதை அறிந்தோர் சிலரே. வழக்குகள் தேங்கிக் கிடந்தால், இரண்டாண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்குக் கூடுதல் நீதிபதிகளை நியமிக்கலாம் என்பது அப்பிரிவின் கருத்து. நாளடைவில் நடந்தது வேறு. உயர் நீதிமன்றத்துக்குள் நுழைவார்க்கு அதுவே தலைவாயிலாயிற்று. முதலில் கூடுதல் நீதிபதி, இரண்டாண்டு கழித்து நிரந்தர நீதிபதி என்பது வழக்கமாயிற்று. எழுத்தர்களாகிய எங்களுக்கு விதித்த தகுதிகாண் பருவமும் இரண்டாண்டே! நம் எல்லைக்கு இப்பால் எர்ணாகுளத்து உயர் நீதிமன்றம், அப்பால் சென்னை உயர் நீதிமன்றம். இரண்டிலும் இந்த ஏற்பாடு ஒன்றே.

இவ்வேற்பாட்டின் இயல்பு முழுவதையும் காட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. ஓ.என். வோரா என்பவர் தில்லியின் மாவட்ட அமர்வு நீதிபதியாக விளங்கியவர். நெருக்கடிநிலைக் காலத்தில் ‘கிஸ்ஸா குர்ஸீ கா’ என்னும் திரைப்படத்தின் பிரதிகள் அழிக்கப்பட்டது குறித்த வழக்கு அவர் முன் வந்தது. (அப்பெயருக்கு ‘நாற்காலியின் கதை’ என்பது பொருள், பின்னர் நடந்தவற்றை நோக்கின், வோராவின் வாழ்க்கைக்கும் அப்பெயர் பொருந்தும்.) குற்றம் சாட்டப்பட்டவர்கள் சஞ்சய் காந்தியும், தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த வித்யா சரண் சுக்லாவும். 1979 பிப்ரவரி 27இல் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்து, இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார் வோரா. சில நாள்களில் தில்லி உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியானார்.

1980 சனவரியில் இந்திரா காந்தி அம்மையார் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி இருவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டில் ஒரு தீர்ப்பு மாறுவது இயல்பே. அதில் விசாரணை நீதிபதிக்கு இழுக்கு ஒன்றுமில்லை. 1981 மார்ச்சில் வோராவின் இரண்டாண்டு முடிவுற்றது. அவருக்கும், உடனிருந்த எஸ்.என். குமார், எஸ்.பி. வாட் ஆகிய இருவருக்கும் மூன்று மாதம் மட்டுமே நீட்டிப்பு வழங்கப்பட்டது. சூனில் வாட் மட்டும் ஓராண்டுக்கு மீளவும் அமர்த்தப்பெற்றார். வோராவும் குமாரும் வீடு திரும்பினர்.

ஏன்? வோராவுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பினால்தான் அவர் பணி நீங்கியது என்று எந்த ஆவணமும் கூறவில்லை. அங்ஙனம் நானும் கூறத் துணியேன். நான் காட்ட விழைவது, காரணம் சொல்லப்படாமையே போதிய அளவுக்குப் பேசிற்று என்பதை. இந்தியாவெங்கும் அன்றிருந்த கூடுதல் நீதிபதிகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு தேதியையும் மற்றொரு தேதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். ஒருவரை வாய்திறந்து அச்சுறுத்தினால் அவர் வெகுண்டெழவும் கூடும். புன்னகையோடு காக்க வைத்தால் வெகுள்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

இவ்விவகாரம் எஸ்.பி. குப்தா வழக்கு என்னும் பெயரோடு உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. எழுவர் கொண்ட அமர்வு 1981 டிசம்பர் 30இல் தீர்ப்புரைத்தது. அரசு மறைத்து வைத்த கடிதங்கள் வெளிவர வேண்டுமென அந்நீதிமன்றம் ஆணையிட்டது போற்றத்தக்கது. நியமனத்தில் இறுதிச் சொல் அரசுக்கே உரியது எனப் பெரும்பான்மையர் கொண்டது எனக்கு உடன்பாடன்று. பின்னர் 1993இல் ஒன்பதின்மர் அமர்வும் அதனை மாற்றிற்று. குமார் தம் பக்கத்தை வாதிட்டார், பயன் கிட்டவில்லை. வோரா உரிமை கோரி வாதிடவே முன்வரவில்லை. அவர் மௌனத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம் வாழ்நாளெல்லாம் பிறர் முறையீடுகளைக் கேட்டு அமர்ந்தவருக்குத் தாம் முறையிடுவது கூசியிருக்கலாம்.

அவருக்கு முன்னரும் இத்தகையோர் இருந்தனர். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதியாக இருந்த யு.ஆர். லலித் நெருக்கடிநிலையின்போது நிரந்தரமாக்கப்படாமல் வெளியேறினார். அவர்தம் மகனார் யு.யு. லலித் 2022இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் காவலை எதிர்த்த மனுவைத் தில்லியில் ரங்கராஜன், ஆர்.என். அகர்வால் என்னும் இரு நீதிபதிகள் 1975இல் விசாரித்தனர். தீர்ப்புக்கு முன்பே அரசு அவரை விடுவித்துவிட்ட போதிலும், தீர்ப்பை எழுதியே தீருவோம் என எழுதி வழங்கினர். ரங்கராஜன் கவுகாத்திக்கு மாற்றப்பட்டார். கூடுதல் நீதிபதியாக இருந்த அகர்வால், மீண்டும் அமர்வு நீதிமன்றத்துக்கே இறக்கப்பட்டார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியவனாகிறேன். நீதியரசர்களோடு என்னை ஒப்பிடுவதாக அன்பர்கள் கொள்ளலாகாது. பணிக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் அலுவலகத்தில் இருந்தேன். இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்திருந்தார். பணிப்பதிவேட்டில் ஏழு மாத இடைவெளி இருந்தது. அது மருத்துவ விடுப்பே என்பதற்குப் பழைய கோப்பில் சான்று கண்டேன். அவ்வாறே குறிப்பு எழுதி வைத்தேன். மேலதிகாரி என்னை அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. தேநீர் வரவழைத்தார். “தம்பி, உமக்குத் தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறது?” என்று மட்டும் கேட்டார். “வருகிற தையில், சார்” என்றேன். “நல்லது, நல்லது” என்றார். கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. ‘சான்று தெளிவாக இல்லை, மேலும் ஆவணம் கோரலாம்’ என்று புதிய குறிப்பு எழுதினேன். எவரும் எழுதச் சொல்லவில்லை. தையில் எனக்கு உறுதியாணை வந்தது. அந்த அம்மையார்க்கு ஓய்வூதியம் வர மேலும் பதினான்கு மாதமாயிற்று. ஒவ்வொரு மாதமும் வந்து என் மேசைக்கெதிரே உள்ள விசுப்பலகையில் அமர்ந்திருப்பார். என்னைத்தான் தமக்கு உதவ முயல்பவன் என்று கருதியிருந்தார்.

ஆகவே, ‘நீதிபதி அஞ்சாதவராக இருத்தல் வேண்டும்’ என மேடைகளில் பேசக் கேட்கும்போது எனக்குச் சற்றே சினம் எழுகிறது. அஞ்சாமையை ஒருவரின் குணமென்று மட்டும் எண்ணி, அவரிடமிருந்து அதனை எதிர்பார்ப்பது எளிது. அஞ்ச வேண்டாத நாற்காலியைச் செய்து தருவது நம் அனைவரின் கடன். அக்கடனைச் செய்யாத சமுதாயம், தான் செய்யத் தவறியதை வோராவின் தோளில் ஏற்றிவைத்துப் பின்னர் அவருக்கு மாலையும் சூட்டுகிறது.

நம் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களை இங்கு நினைவுகூர்தல் தகும். 1957இல் பொதுவுடைமையர் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அமைச்சர். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசியல் சார்புடையவர் எனப் பம்பாய் வழக்கறிஞர் பலர் அந்நியமனத்தை எதிர்த்தனர். அவருள் ஒருவரான சோலி சொராப்ஜி பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். 1975 சூன் 24இல், விடுமுறைக்கால நீதிபதியாகத் தனித்திருந்து, தலைமையமைச்சரின் தேர்தல் வழக்கில் முழுத் தடையாணை வழங்க மறுத்தார் கிருஷ்ணய்யர். பதவியில் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்கலாகாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடிநிலை வந்தது. அவருடைய நெஞ்சுரத்தை ஐயுறுவார் இலர். எனினும் அவர் அமர்ந்திருந்தது அறுபத்தைந்து வயதுவரை எவரும் எளிதில் அசைக்கவியலாத இருக்கை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை ஒளித்தல் முறையன்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளையில் கூடுதல் நீதிபதியாக இருந்த புஷ்பா கனேடிவாலா, 2021 சனவரியில் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ் வழங்கிய தீர்ப்பு நாட்டையே அதிரச் செய்தது. அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைத்திருந்த உச்ச நீதிமன்றக் குழு அப்பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஓராண்டு நீட்டிப்புக்குப் பின், 2022 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். இதனைக் கேட்டபோது நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வாளையாற்றார் மகிழாமல் இருப்பரோ? 2017இல் நம் ஊரின் இரு சிறுமியர் உயிரிழந்த வழக்கில், 2019இல் பாலக்காட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தபோது நாம் பட்ட துயரம் நமக்கே தெரியும். வழக்குக்கே நம் ஊர்ப்பெயர் ஏறிவிட்டது.

ஆனால் மகிழ்ச்சி அடங்கியபின் ஓர் ஐயம் எழுந்தது. கனேடிவாலா தவறினார் என்று கண்டு தடுத்த கருவியும், வோராவை வீட்டுக்கு அனுப்பிய கருவியும் ஒன்றே அன்றோ? நாம் விரும்பும்போது வெட்டி, விரும்பாதபோது வெட்டாமல் இருக்கும் வாள் எக்கொல்லனிடமும் இல்லை. நம் ஊர் வழக்கில் நீதி திரும்பியது அவ்வழியால் அன்று. 2021 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த விடுதலைத் தீர்ப்புகளை நீக்கி, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. கனேடிவாலாவின் தீர்ப்பையும் அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாறே நீக்கியது. தவறிய தீர்ப்பைத் திருத்தும் இந்த வழி மெதுவானதே. ஆயின் திருத்தியவர்கள் காரணங்களை எழுதி, கையொப்பமிட்டு, நாமறிய வெளியிட்டார்கள். வோராவுக்கு அந்த மரியாதை கிட்டவில்லை.

அமெரிக்க நாட்டில் கூட்டாட்சி விசாரணை நீதிபதியைக் குடியரசுத் தலைவர் பெயர் குறித்து, செனட் சபை உறுதிப்படுத்துகிறது. அதன்பின் அவர் வாழ்நாள் முழுதும் நீதிபதி. அச்சத்துக்கு இடமே இராது என எண்ணத் தோன்றும். 1942இல் தென் கரோலினாவில் அவ்வாறு அமர்ந்தவர் வேட்டீசு வேரிங். கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் என்பதே சமத்துவத்துக்கு முரண் என 1951இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பதவியை யாராலும் பறிக்க இயலவில்லை. ஊரார் அவர் வீட்டின்மேல் கல்லெறிந்தனர். உறவும் நட்பும் விலகின. 1952இல் ஓய்வு பெற்று, பிறந்த நகரைவிட்டே நீங்கி நியூயார்க் சென்றார். நாற்காலியை எத்துணை உறுதியாகச் செய்தாலும், அதற்கப்பால் மனிதர் தாமே தாங்க வேண்டியது சிறிது எஞ்சுகிறது போலும்.

என் அலுவலகத்தில் இப்போது எனக்கடுத்த மேசையில் இளைஞர் ஒருவர் அமர்ந்துள்ளார். சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சென்ற திங்களில் ஒரு கோப்பில், நான் முன்பு எழுதியிருந்த குறிப்பு தவறென்று, விதியெண்ணோடு எழுதி என் முன் வைத்தார். படித்துப் பார்த்தேன், அவர் எழுதியதே சரி. நிமிர்ந்து, பரிவோடுதான், அவருக்குத் தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறதென்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கோப்பில் கையொப்பமிட்டு மேலே அனுப்பினேன்.