பின்செல்லும் பொத்தான்

'தயவுசெய்து பின்செல்லும் பொத்தானை அழுத்தாதீர்கள்.' பணம் கட்டும் இணையத்தளங்களில் இந்த வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. கெஞ்சுவதுபோல எழுதியிருந்தாலும் இது ஒரு மிரட்டல். அழுத்தினால் வருவது உங்கள் பொறுப்பு என்கிறது. உலாவியின் மூலையில் எப்போதும் இருக்கும் பொத்தானை அழுத்துவது ஒருவரின் குற்றமாகுமா?

கலும்பாங்கில், தோட்ட வேலையை விட்டு ஓய்ந்த பெரியவர்களுக்கு உதவித்தொகை பாரம் நிரப்பித் தரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். ஒரு பக்கத்தில் அடையாள அட்டை எண், அடுத்ததில் வங்கிக் கணக்கு, பிறகு குடும்ப விவரம். "தம்பி, பேரு சரியா இருக்கான்னு பின்னால போய் ஒருக்கா பாரேன்" என்பார் ஓர் அம்மா. போனால் எல்லாம் காலி. "நாந்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்பார். இல்லை.

இணையத்தின் அடிப்படை நெறியான ஹெச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியது. நினைவை அதன்மேல் கட்டுவது நிரலர்தான். 1999இல் வந்த ஹெச்டிடிபி 1.1 ஆவணம், உலாவியின் வரலாறு பயனர் அன்று பார்த்ததையே காட்ட வேண்டும் என்கிறது. பார்த்ததைக் காட்டுவது வேறு, செய்ததை அழிப்பது வேறு. ஆனால் பொத்தானை அழுத்துகிறவர், "வேணாம், விட்டுடு" என்று சொன்னதாகவே நினைக்கிறார். இந்த இடைவெளியில்தான் பணம் இரண்டு முறை போகிறது, பாரம் காணாமல் போகிறது.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பழைய லயத்துப் பக்கம் போனால், பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும். மாறிவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும். இணையப் பக்கமோ பழைய தோற்றத்தைக் காட்டி, ஒன்றுமே நடக்காததுபோல நம்ப வைக்கிறது. தவறு அங்கே இருக்கிறது.

பரிகாரமும் பழையதுதான். பார்ப்பதற்கு 'கெட்', மாற்றுவதற்கு 'போஸ்ட்' என்று நெறி பிரித்தே வைத்திருக்கிறது. போஸ்ட் முடிந்ததும் 303 என்ற பதிலால் வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், புதுப்பித்தாலும் பாரம் மறுபடி போகாது. பின்னால் போய் மீண்டும் அனுப்பினால்? ஒவ்வொரு பாரத்துக்கும் தனி எண் இருந்தால், 'இது ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சேவையகம் சொல்லிவிடும். ஒரே பக்கத்தில் ஓடும் செயலி என்றால், ஒவ்வொரு படியையும் 'புஷ்ஸ்டேட்' கொண்டு வரலாற்றில் பதிந்து, நிரப்பியதை வரைவாகச் சேமிக்கலாம்.

மீள முடியாத படிகளும் உண்டுதான். கட்டிய பணம் பொத்தானால் திரும்பாது. அதை அந்தப் படிக்கு முன்னாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நிரலருக்குச் சில நாள் வேலை கூடும். அதை மிச்சப்படுத்தினால் செலவு மறைவதில்லை. வெயிலில் பஸ் ஏறி வந்து, ஒரே பாரத்தை மூன்றாவது முறை நிரப்பக் காத்திருப்பவர் அதைக் கட்டுகிறார். கூடவே, தப்பு தன்மேல்தான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.