பண்டத்தை விற்பதா, படிமத்தை விற்பதா?
ஆடம்பரக் கார் விளம்பரங்கள் பற்றிய ஓர் அறநோக்கு

விற்பவன் தான் விற்கும் பண்டத்தைப் பற்றி உண்மை பேச வேண்டும் என்பது வணிக அறத்தின் மிகப் பழைய விதி. நிறையிலும் அளவிலும் பொய் செய்யாதிருத்தலே வணிகனுடைய நேர்மைக்கு உரைகல்லாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்ற விளம்பரக் கலை இவ்விதி எட்டாத ஒரு பரப்பைத் தனக்கென உருவாக்கிக்கொண்டது. பண்டத்தைப் பற்றி எதனையுமே கூறாது அப்பண்டத்தை விற்கலாம் என்பதனை அது கண்டுகொண்டது. எதனையும் கூறாதவன் பொய் கூறியவனாகான். அக்காரணம் பற்றி அவனை நேர்மையாளன் எனக் கொள்ளலாமா?

இவ்வினா ஆடம்பரக் கார்களின் விளம்பரங்களை ஆராயும்போதே மிகத் தெளிவாக எழுகின்றது. கார் ஓர் இயந்திரம். அதன் வேகம், ஓசை, எரிபொருட் செலவு, தடுப்பின் வலிமை ஆகியவை அளந்தறியத் தக்கவை. அதேவேளை, வீதியிற் செல்வோர் அனைவரது கண்ணிலும் படும் செல்வச் சின்னமாகவும் அது விளங்குகின்றது. முன்னையவற்றை இயல்புகள் எனலாம். பின்னையதை, அதாவது ஒரு வர்த்தக நாமத்தைக் கேட்ட மாத்திரத்தே மனதில் எழும் உயர்வின் தோற்றத்தை, படிமம் எனலாம். விளம்பரம் இவ்விரண்டில் எதனை விற்க வேண்டும் என்பது விளம்பரத் தொழிலாளருக்கு உத்தி பற்றிய வினா. சமுதாயத்தைப் பொறுத்தவரை அது ஓர் அறவியல் வினாவாகும்.

படிமத்தை விற்கும் விளம்பரத்தின் வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கது அமெரிக்காவின் கடிலாக் கம்பனி 1915ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி 'சற்றர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வெளியிட்ட விளம்பரம். தியோடர் மக்மேனஸ் என்பவர் எழுதிய அவ்வாசகத்தில் கார் என்ற சொல்லோ கம்பனியின் பெயரோ இடம்பெறவில்லை. எத்துறையிலும் முதலிடம் பெறுபவன் பிறரது பொறாமைக்கும் தாக்குதலுக்கும் ஆளாதல் இயல்பு என்பதே அதன் சாரம். அது வெளிவந்த சூழல் கவனத்திற்குரியது. 1914இன் பிற்பகுதியில் கடிலாக் எட்டு உருளைகளைக் கொண்ட புதிய எஞ்சின் பூட்டிய காரை அறிமுகப்படுத்தியிருந்தது. அதன் குறைகளைப் போட்டியாளர் எடுத்துப் பேசினர். எஞ்சினிற் குறை உண்டா இல்லையா என்பது சோதித்து விடை காணத்தக்க வினா. விளம்பரமோ அவ்வினாவுக்கு விடை கூறவில்லை. வினவுபவனைப் பொறாமைக்காரன் ஆக்கிவிட்டது. இயல்பு பற்றிய ஐயத்தைப் படிமத்தால் மூடிமறைக்கும் உத்தி ஆரம்பத்திலேயே முழு உருவம் பெற்றுவிட்டதை இங்குக் காணலாம்.

எட்டு ஆண்டுகளின் பின், 1923இல், எட்வர்ட் ஜோர்டன் தமது 'பிளேபோய்' காருக்காக வெளியிட்ட விளம்பரம் மேலும் ஓரடி முன்சென்றது. மேற்குச் சமவெளியில் குதிரை வீரனொருவனுடன் போட்டியிட்டுக் காரோட்டும் இளம்பெண்ணின் சித்திரமும், அவளது துணிவைப் பாடும் சில வரிகளுமே அதன் உள்ளடக்கம். ஜோர்டன் கார்களின் எஞ்சின் முதலிய முக்கிய உறுப்புகள் பிற உற்பத்தியாளரிடமிருந்து வாங்கிப் பூட்டப்பட்டவை. உறுப்புகளிற் பெருஞ்சிறப்பு இல்லாதவிடத்து உணர்ச்சியே விற்கப்பட்டது. அவ்விளம்பரம் இன்றும் விளம்பர வரலாறுகளில் இடம்பெறுகின்றது. கம்பனியோ 1931ஆம் ஆண்டுடன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இவற்றுக்கு எதிர்முனையில் வைத்து எண்ணத்தக்கது டேவிட் ஒகில்வி 1958இல் றோல்ஸ் றோய்ஸ் காருக்காக எழுதிய விளம்பரம். மணித்தியாலத்துக்கு 60 மைல் வேகத்திற் செல்லும்போது காரினுள் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின் கடிகாரத்தின் ஓசையே என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் கீழே எஞ்சின் சோதிக்கப்படும் முறை முதலிய விபரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிட்டுத் தரப்பட்டன. காரைப் பற்றி மூன்று வாரங்கள் படித்த பின்னரே அதனை எழுதியதாக ஒகில்வி கூறியுள்ளார். இயல்புகளை விற்கும் விளம்பரத்திற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு.

எனினும், அப்பட்டியலின் ஒரு விபரம் இம்மரபு முழுமையாகச் சரியன்று எனக் காட்டுகின்றது. றோல்ஸ் றோய்ஸும் பென்ட்லியும் முன்புற றேடியேற்றர் தவிர மற்றெல்லாவற்றாலும் ஒரே கார் என்றும், றேடியேற்றரைச் செய்வது எளிதாகையால் பென்ட்லி 300 டொலர் குறைவு என்றும், றோல்ஸ் றோய்ஸ் ஓட்டக் கூச்சப்படுவோர் பென்ட்லியை வாங்கலாம் என்றும் அவ்விளம்பரம் தெரிவித்தது. ஓட்டத்திலும் ஓசையிலும் வேறுபாடில்லாத இரு கார்களுக்கிடையே தெரிவு செய்பவன் எதற்காகக் கூச்சப்படுகின்றான்? காரின் முகப்பைக் காண்பவர்களின் பார்வைக்காகவே. படிமம் இயல்புகளின் பட்டியலுக்குள்ளேயே அமர்ந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

1989ஆம் ஆண்டு இவ்விரு முறைகளும் ஒரே சந்தையில் எதிரெதிரே நின்றன. ஜப்பானின் நிசான் கம்பனி தனது இன்ஃபினிட்டி காரைப் பாறைகளையும் மரங்களையும் நீரையும் காட்டி, காரைக் காட்டாமலே அமெரிக்கருக்கு அறிமுகம் செய்தது. டொயோட்டா கம்பனியோ தனது லெக்சஸ் காரை உருளைகளின் மீது நிறுத்தி, சக்கரங்களை மணித்தியாலத்துக்கு 145 மைல் வேகத்திற் சுழலவிட்டு, எஞ்சின் மூடியின் மேல் அடுக்கிய மதுக்கிண்ணங்கள் அசையாதிருப்பதைக் காட்டியது. விற்பனையில் லெக்சஸ் முந்தியது. ஆயினும், விற்பனையின் வெற்றி அறத்தின் வெற்றியாகாது. விலை, தரம், விற்பனைச் சேவை எனப் பல காரணங்கள் அதன்பின் உள்ளன. காரைக் காட்டாத விளம்பரம் அத்துடன் மறைந்துவிடவுமில்லை. 2024 நவம்பரில் ஜாகுவார் கம்பனி வண்ண உடையணிந்த மனிதரை மட்டும் காட்டி வெளியிட்ட படம் இதற்குச் சான்று.

இயல்புகளை விற்பதன் முதலாவது சிறப்பு, அது தன்னைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுக்கின்றது என்பதாகும். இயல்பு பற்றியும் பொய் கூறலாம் என்பதில் ஐயமில்லை. 2010இல் அவுடி கம்பனி தனது ஏ3 டீசல் காரைச் சூழலுக்கு உகந்ததென அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. அவுடி சார்ந்த வொக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் கார்களை மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வீதியில் ஓடவிட்டு அளந்தபோது, ஆய்வுகூடச் சோதனைக்கும் வீதி ஓட்டத்திற்கும் இடையே பெரும் வேறுபாடு தெரியவந்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்தமையை 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் வெளிப்படுத்தியது. ஏ3 உட்பட அக்கார்கள் அனுமதிக்கப்பட்ட அளவிலும் 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளை வெளிவிட்டன. மறு ஆண்டு விளம்பரம் பற்றியே வழக்குத் தொடரப்பட்டது. பொய் மிகப் பெரியது. எனினும் அது அளக்கக்கூடிய பொய்யாதலின் சில ஆய்வாளரும் ஒரு கருவியும் அதனை வெளிக்கொணரப் போதுமாயினர்.

இதனுடன் 1975இல் கிறைஸ்லர் கம்பனியின் கோர்டோபா கார் விளம்பரத்தை ஒப்பிடலாம். நடிகர் றிக்கார்டோ மொன்டல்பான் அதன் இருக்கைகளின் 'கொரிந்தியத் தோலை' இனிய குரலிற் புகழ்ந்தார். கொரிந்து நகருக்கும் அத்தோலுக்கும் எத்தொடர்பும் இல்லை. அச்சொல் விளம்பரத்துக்காகவே ஆக்கப்பட்டது. இயல்பின் உடையணிந்து வந்த படிமம் இது. எக்கருவி கொண்டும் இதனைப் பொய்யென நிறுவ முடியாது. படிமத்துக்கு இருப்பதாகத் தோன்றும் குற்றமின்மை, குற்றஞ்சாட்டவியலாமை மட்டுமே.

படிமத்தை ஆதரிப்போரின் வாதங்களைப் புறக்கணித்தல் முறையன்று. வாங்குபவன் ஏமாற்றப்படவில்லை, அவன் விரும்பி வாங்குவதே அந்த உயர்வின் தோற்றத்தைத்தான் என்பது முதல் வாதம். உயர்விலைக் கார்கள் பெரும்பாலும் சமமான தொழில்நுட்பம் உடையவை, எனவே அவற்றை வேறுபடுத்துவது படிமமே என்பது இரண்டாவது. மனிதன் பயனை மட்டும் நாடுபவனல்லன், உடையிலும் அணியிலும் பொருள் காண்பவன் என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் உண்மை உண்டு. அவை மூன்றும் வாங்குபவனையே நோக்கியவை என்பதிலேயே அவற்றின் குறையும் உண்டு.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் செய்யும் மோதிரமொன்றின் கதையைக் கூறுகின்றார். எவரும் காணாதவிடத்தும் ஒருவன் நீதியுடன் நடப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. அம்மோதிரத்தைக் காருக்கு அணிவித்துப் பார்க்கலாம். எவரும் காணாத வீதியில், எவருக்கும் சொல்லப்படாமல் ஓடும் காரில் எஞ்சுவது எது? ஓசையின்மை எஞ்சும், தடுப்பு எஞ்சும், நெடும்பயணத்தில் முதுகு நோகாத இருக்கை எஞ்சும். இவை இயல்புகள். மறைந்துபோவது அனைத்தும் படிமம். பென்ட்லிக்கும் றோல்ஸ் றோய்ஸுக்கும் இடையே கூச்சப்பட்டவனின் கூச்சமும் அவ்வீதியில் மறைந்துவிடும்.

இச்சோதனை ஒரு முக்கிய உண்மையை உணர்த்துகின்றது. படிமம் என்பது பிறரது பார்வையினால் ஆவது. கம்பனி காரை உற்பத்தி செய்கின்றது; காரின் படிமத்தையோ அதனைப் பார்ப்போர் உற்பத்தி செய்கின்றனர். தோர்ஸ்டைன் வெப்லன் 1899இலேயே செல்வர் தம் செல்வத்தைக் காட்டுவதற்காகச் செய்யும் நுகர்வைப் பற்றி எழுதினார். பிறர் பெறாதிருத்தலினாலேயே பெறுமதி பெறும் பண்டங்களைப் பற்றி 1976இல் பொருளியலாளர் பிறெட் ஹேர்ஷ் ஆராய்ந்தார். ஒருவரது இருக்கை மெத்தென்றிருப்பதற்கு மற்றவர் கட்டாந்தரையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் உயர்ந்தவராகத் தோன்ற மற்றவர் தாழ்ந்தவராகத் தோன்றியே ஆக வேண்டும்.

ஆடம்பரக் காரை வாங்கக்கூடியோர் சிலராயிருக்க, அதன் விளம்பரம் கோடிக்கணக்கானோர் காணும் தொலைக்காட்சியில் வருவதன் பொருளும் இதனால் விளங்கும். அது வாங்கவியலாதோரையும் நோக்கியே பேசுகின்றது. அவர்கள் அக்காரின் பெயரையும் அதன் உயர்வையும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின் வாங்கியவன் கொடுத்த விலை வீணாகும். எனவே வாங்காதவனது ஏக்கமும் பண்டத்தின் உறுப்புகளில் ஒன்றாகின்றது. எஞ்சின் செய்த தொழிலாளி கூலி பெறுகின்றான். ஏக்கத்தைத் தந்தவனுக்குக் கூலியில்லை. தன் வாழ்வு குறைபட்டது என்ற எண்ணமே அவனுக்கு மிஞ்சுகின்றது. மனிதனை வெறும் கருவியாக நடத்தலாகாது என்ற கான்ட்டின் நெறி மீறப்படுவது இங்கேதான். விற்பவன், வாங்குபவன் ஆகிய இருவரது சம்மதத்தைக் கொண்டு இதனை நியாயப்படுத்த முடியாது. மூன்றாமவனின் சம்மதத்தை எவரும் கேட்டதில்லை.

தமிழ் அறநூல் மரபு அழுக்காற்றைக் கடியத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. அங்கு அறிவுரை பெறுபவன் அழுக்காறு கொள்பவன். அழுக்காற்றைத் திட்டமிட்டு விளைவித்து அதனை விலையாக மாற்றுபவனைப் பற்றிய அறம் இக்காலத்திற்கு வேண்டப்படுகின்றது. 1915இல் பொறாமையைத் தனது மேன்மைக்குச் சான்றாகக் காட்டிய கடிலாக் விளம்பரம், பின்னர் ஒரு பெருந்தொழிலுக்கு மூலப்பொருளாகப்போவது எதுவென்பதைத் தன்னையறியாமலே காட்டிவிட்டது.

இதனால் அழகும் சின்னமும் வேண்டாதவை என்பது முடிவாகாது. கோயில் தேரும் பகட்டானதே. ஆனால் அதன் அழகு வடம் பிடிப்போர் அனைவருக்கும் உரியது. பார்ப்பவனைத் தாழ்த்தி அது உயர்வதில்லை. சின்னங்களைச் சின்னம் என்பதற்காகக் கண்டிக்க வேண்டியதில்லை. எவரையும் புறத்தே நிறுத்தியே உயர்வு பெறும் சின்னங்களே ஆராயத்தக்கவை.

எனவே, ஆடம்பரக் கார் விளம்பரம் இயல்புகளையே விற்றல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இயல்பு பற்றிய கூற்று மெய்யாயின் வாங்குபவனுக்குப் பயன் தரும்; பொய்யாயின் பிடிபடும்; இரு நிலையிலும் வாங்காதவனிடமிருந்து அது எதனையும் பறிப்பதில்லை. நல்ல இயல்புகளினால் காலப்போக்கில் ஒரு பெயருக்கு மதிப்பு ஏற்படுமாயின் அது ஈட்டப்பட்ட நற்பெயர்; அதனைக் குறைகூற இடமில்லை. சட்டத்தினால் இவ்வேறுபாட்டை நிலைநாட்டுவது கடினம். எதனையும் கூறாத விளம்பரத்தின் மீது எந்த வழக்கும் நில்லாது. ஆதலால் இப்பொறுப்பு பார்ப்போரிடமே வந்து சேர்கின்றது. படிமம் அவர்களது பார்வையால் ஆவதாயின், அப்பார்வையைக் கொடாதிருக்கும் ஆற்றலும் அவர்களுடையதே.