தூக்கிவிடும் கைகளும் ஏறமுடியாத படிகளும்

வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நாலா திசையிலிருந்தும் விசேட பஸ்கள் ஓடும். கோயில் நிற்பது நந்திக்கடலோரம். 2009இல் போரின் கடைசி நாட்கள் கழிந்ததும் இந்தக் கடலேரியை அண்டிய நிலத்தில்தான். காலை இழந்தவர்களும், முள்ளந்தண்டில் காயம்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களும் வன்னியில் எந்த ஊருக்கும் புதியவர்கள் அல்லர். பஸ்ஸில் அவர்களை ஏற்றமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. நடத்துநர் ஒரு பக்கம், பயணி ஒருவர் மறுபக்கம் பிடித்துத் தூக்குவார்கள். சக்கர நாற்காலியை மடித்து எங்காவது செருகுவார்கள். இவ்வளவு மனிதாபிமானம் இருக்கிற இடத்தில் சாய்தளம், தாழ்தள வண்டி என்றெல்லாம் கேட்பது வீண் ஆடம்பரம் இல்லையா? இது நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி. அதனாலேயே பதில் சொல்வதும் கடினம்.

தூக்கிவிடுபவரின் அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தூக்கப்படுபவரின் பக்கம் இருந்தும் பார்க்கவேண்டும். மற்றப் பயணி பஸ்ஸுக்குக் கொடுப்பது கட்டணம் மட்டும். இவர் கட்டணத்தோடு நன்றியும் கொடுக்கவேண்டியிருக்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும். ஒரு பெண்ணென்றால், முன்பின் தெரியாத ஆண்களின் கைகள் தன் உடம்பில் படுவதற்குச் சம்மதித்தால்தான் மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகலாம். வருடத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு என்றால் பொறுத்துக்கொள்வார். தினமும் வேலைக்குப் போக யாரிடம் கேட்பது? பஸ்ஸின் முன்பகுதியில் மதகுருமாருக்கு, கர்ப்பிணித் தாய்மாருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஆசனங்களின் மேல் எழுதியிருக்கும். அந்த எழுத்தை வாசிக்கவே செங்குத்தான படிகளை ஏறிக் கடக்கவேண்டும். இருக்கை ஒதுக்கியாயிற்று, வழிதான் ஒதுக்கப்படவில்லை.

சக்கர நாற்காலியில் வருபவர் எத்தனை பேர், அவர்களுக்காக வண்டியையே மாற்றுவதா என்பது அடுத்த வாதம். தரிப்பிடத்தில் அவர்களைக் காணாதது உண்மைதான். ஏறமுடியாத வண்டிக்கு யார் வந்து காத்திருப்பார்? பஸ் வீட்டில் இருத்திவிட்டவர்களை எண்ணாமல், பஸ்ஸில் இருப்பவர்களை எண்ணித் தேவையைக் கணக்கிடுவது தலைகீழான கணக்கு. கைக்குழந்தைக்காரி, மூட்டுவலிக்காரர், அரிசி மூட்டையோடு வருபவர் எல்லோரும் அந்தப் படியில்தான் திணறுகிறார்கள். முல்லைத்தீவு நகருக்கு ரயிலும் இல்லை. ஓட்டோவுக்குக் கொடுக்க வசதியில்லாதவருக்குப் பஸ்தான் கதி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இலேயே வந்துவிட்டது. அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. போக்குவரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது. காகிதத்தில் குறையேதுமில்லை.

பணமும் தெருவும்தான் கனமான தடைகள். தாழ்தள பஸ் விலை கூடியது, குன்றும் குழியுமான கிரவல் தெருவில் அடி தட்டும் என்பதை மறுக்கமுடியாது. ஆனால் வண்டியைத் தாழ்த்த முடியாத இடத்தில் தரிப்பிடத்தை உயர்த்தலாம். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1991இல் அதைத்தான் செய்தது: பஸ்ஸின் தளத்துக்குச் சமமான உயரத்தில் மேடை, வண்டியின் பக்கத்தில் படியில்லாத கதவு. முல்லைத்தீவு பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், கோயிலடி ஆகிய மூன்று இடங்களில் கொங்கிறீற் மேடை கட்டுவதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் என்னவாகும் என்பதற்கு மெல்பேர்ண் சாட்சி. (இலங்கையின் ட்ராம் கதை 1960இல் கொழும்போடு முடிந்தது; நம் சனம் நிறையப் பேர் இன்று ஏறியிறங்குவது மெல்பேர்ண் ட்ராமில்.) அங்கே தாழ்தள ட்ராம்கள் வந்தன, சமதளத் தரிப்பிடங்களும் வந்தன, ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பது அரிது. 2018–19இல் நூற்றுக்குப் பதினைந்து சேவைகளில்தான் தாழ்தள ட்ராம் சமதளத் தரிப்பிடத்தில் நின்றது என்று விக்டோரியா மாநிலக் கணக்காய்வாளரே கண்டார். பணக்கார நாட்டுக்கே அரைகுறை வேலை பயன் தரவில்லையென்றால், இருக்கிற சொற்பப் பணத்தை நாம் எல்லா இடத்துக்கும் தூவாமல் ஒரே வழித்தடத்தில் முழுமையாகச் செலவழிப்பதே நியாயம்.

மிஞ்சுவது நேரம். பின்னால் வரும் பஸ் முந்திவிடுமோ என்ற பதற்றத்தில் ஓடும் சாரதிக்கு, நாற்காலியை ஏற்ற நிற்கும் சில நிமிடங்கள் நட்டம். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டிப் பயனில்லை, அவர் வயிற்றுப்பாடு அது. அந்த நிமிடங்களை நேர அட்டவணையிலேயே சேர்க்கவேண்டும். படியில்லாத கதவை டிப்போவுக்கு அடுத்த வண்டி வாங்கும் கேள்விப்பத்திரத்திலேயே கேட்கவேண்டும். ஓடத் தொடங்கிவிட்ட பஸ்ஸின் பக்கத்தை வெட்டிப் புதிய கதவு வைக்க எந்த டிப்போ முகாமையாளரும் சம்மதிக்கமாட்டார்.