மாரீசனுக்கும் டார்கெட் இருந்தது

ஒரு லட்சம் ரூபாய் போட்டால் மாதம் முப்பதாயிரம் வரும். ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனம் இப்படிச் சொல்லித்தான் பணம் திரட்டியது. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் உள்ளே நுழைந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் 2,438 கோடி ரூபாய் சிக்கியிருந்தது. அதே ஆண்டில் காட்பாடியிலிருந்து கிளை பரப்பிய எல்.என்.எஸ். ஐ.எஃப்.எஸ்., சென்னையின் ஹிஜாவு என்று வரிசையாகப் பெயர்கள் வெளிவந்தன. 2024 ஆகஸ்டில், 1872-ல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் நிர்வாக இயக்குநரே கைதானார்.

செய்திகளில் இந்த நிறுவனத் தலைகளின் படம் வந்தது. ஆனால் வந்தவாசிப் பக்கத்து விவசாயியோ மதுராந்தகத்து ஓய்வூதியரோ அந்தத் தலைகளை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, காபி குடித்து, கையெழுத்து வாங்கிப் போனவர் வேறு ஆள். அவர் தெரிந்த பையன், நல்ல பையன். இன்னார் மகன் என்று ஊரே சொல்லும். நிறுவனம் விலைக்கு வாங்கியது அந்தப் பையனின் பேச்சுத்திறமையை அல்ல, ஊர் அவன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை.

இவையெல்லாம் மோசடிக் கம்பெனிகள், சட்டப்படி நடக்கும் வங்கி, காப்பீட்டு வேலைகளோடு இவற்றைச் சேர்த்துப் பேசலாமா என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விற்பவரின் நாக்கு செய்யும் வேலை எங்கே பிரிகிறது என்று பார்த்தால் கோடு மங்குகிறது. 2023 ஜூனில், போதிய பாலிசி விற்கவில்லை என்று ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் கொல்கத்தா அதிகாரி ஒருவர் ஆன்லைன் கூட்டத்தில் கீழுள்ளவர்களைக் கத்தித் திட்டிய வீடியோவை நாடே பார்த்தது. வங்கி அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, வங்கிகள் தேவையற்ற காப்பீட்டைத் தலையில் கட்டுவது கடன் வாங்குவோரின் சுமையைக் கூட்டுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸின் கதையும் இதே காலத்தது. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் விற்பனை முறை குறித்து விளக்கம் கேட்டு அழைத்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆனாலும் சில வாரங்களில், மாத வருமானம் 25,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்குப் பாடத்தொகுப்பு விற்கமாட்டோம் என்று அறிவித்தது. அதுவரை அப்படிப்பட்ட வீடுகளின் கதவைத் தட்டியவர்கள் யார்? இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பட்டதாரிகள்.

ஜி.எஸ்.டி. சாலையில் மேல்மருவத்தூரைத் தாண்டியதும் வரும் அச்சரப்பாக்கத்திலும் இந்த வயதுக்காரர்கள் உண்டு. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியபின் தொழிற்சாலை வேலையின் மீதிருந்த பழைய நம்பிக்கை இந்தப் பகுதியில் ஆட்டம் கண்டது. பி.காம். முடித்தவருக்கு எளிதில் கிடைப்பது ‘ஃபீல்டு’ வேலை. ஒரு பைக் இருந்தால் போதும். அப்படிச் சேர்ந்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள், உட்காருவது வங்கிக் கிளையில். காலை ஒன்பது மணிக்கு டீம் லீடரின் அழைப்பு, மதியம் வாட்ஸ்அப் குழுவில் யார் எத்தனை ‘லாகின்’, அதாவது எத்தனை விண்ணப்பம் பதிந்தார் என்ற பட்டியல், மாதக் கடைசியில் ரிவ்யூ. தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதிக் கொடு என்பது இந்தத் தொழிலின் பழைய முதல் பாடம். நூறில் முதலில் வருவது அம்மா, பிறகு தாய்மாமன், பிறகு பள்ளிக்கூட வாத்தியார். பட்டியல் தீர்ந்தபின் வங்கிக்கு வரும் முதியவர்கள். டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தவரிடம் “இதுவும் எஃப்.டி. மாதிரிதான் ஐயா, வட்டி கூட” என்று சொல்லி, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியில் கையெழுத்து வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அடுத்த ஆண்டு பிரீமியம் கட்டச்சொல்லி செய்தி வரும்போதுதான் பெரியவருக்கு உறைக்கும். 2024 அக்டோபரில் விதி மாறும்வரை, முதல் ஆண்டோடு நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் ஒரு பைசாவும் திரும்பி வந்ததில்லை.

அந்த இளைஞர் இப்போது வேலையை விடலாமா என்று யோசிக்கிறார். விடலாம், விடத்தான் வேண்டும். தன் தாய்க்கு விற்க மனம் வராத ஒன்றை அடுத்தவன் தாய்க்கு விற்றுத்தான் சம்பளம் வாங்க முடியும் என்றால் அந்தச் சம்பளம் அறத்தின் கணக்கில் வராது.

இது புதிதாகக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. வணிகருக்கு வணிகமாவது பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வது என்று நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகருக்குக் கொடுத்த பெருமையும் அதுவே. வாங்கும்போது அதிகம் இழுக்கமாட்டார்கள், விற்கும்போது அளவில் குறைக்கமாட்டார்கள், பழிக்கு அஞ்சி உள்ளதைச் சொல்வார்கள். கப்பலில் குதிரையும் வண்டியில் மிளகும் வந்திறங்கிய துறைமுகம் அது. சந்தை பெரிதாகிவிட்டால் பொய்யும் பெரிதாகத்தான் வேண்டும் என்ற சமாதானத்தை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அந்த ஊர் பொய்யாக்கிவிட்டது.

வீட்டுக் கஷ்டம் என்பார்கள். தாயின் பசியைக் கண்ணால் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்ற குறளை இந்த இடத்தில் நினைக்காத தமிழர் இருக்கமாட்டார். ஆனால் அந்தக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையைப் படித்தவர் குறைவு. முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயன செய்தாவது காப்பாற்று என்பது அறநூல்களின் பொதுவிதி என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இக்குறள் அமைச்சரைப் பற்றியது, அவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அதனால்தான் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்று முடிக்கிறார். விற்பனை வேலையைக் காக்க நினைப்பவருக்கு இதைவிட வலுவான வக்கீல் கிடைக்கமாட்டார்.

வக்கீல் வலுவானவர்தான், வழக்கு வலுவில்லை. நடுவுநிலை தவறி வரும் ஆக்கம் நன்மையே தந்தாலும் அதை அன்றைக்கே விட்டொழி என்ற குறள் எங்கே இருக்கிறது? அமைச்சியலில் இல்லை, இல்லறவியலில் இருக்கிறது. மனைவி மக்களோடு குடித்தனம் நடத்துபவனுக்குச் சொன்னது அது. அடுத்த அப்ரைசல் வரை, போனஸ் வரை, தங்கை கல்யாணம் வரை என்று தவணை கொடுக்கவில்லை. இன்னொன்று, பரிமேலழகர் பேசியது பசி. இங்கே பெரும்பாலும் பேசப்படுவது பைக் தவணை. அதற்கும் மேலாக, ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அமைச்சரேதான்.

அடுத்த தடை செஞ்சோற்றுக்கடன். “படித்து மூன்று வருஷம் சும்மா இருந்தவனுக்கு இந்தக் கம்பெனிதானே சோறு போட்டது?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். கர்ணனுக்கும் கும்பகருணனுக்கும் நம் தெருக்கூத்து மேடைகள் கண்ணீர் விட்டிருக்கின்றன. கம்பனே கும்பகருணன் பக்கம் சாய்ந்தவன்தான். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும், இத்தனை நாள் வளர்த்தவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று வீடணனைத் திருப்பி அனுப்பும் அந்த இடம் யுத்த காண்டத்தின் உச்சங்களில் ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கும்பகருணன் கொடுத்தது தன் உயிரை. விற்பனையாளர் கொடுப்பது தன் உயிரையா, அச்சரப்பாக்கத்துப் பெரியவரின் வைப்புத்தொகையையா? பிறர் சோற்றைப் பிடுங்கித் தீர்க்கும் கடனுக்குச் செஞ்சோற்றுக்கடன் என்ற பெயர் பொருந்தாது. சபையில் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்து, கேட்கவில்லை என்றதும் இலங்கையை விட்டு எழுந்து வந்த வீடணனே இவருக்கு முன்மாதிரி. வீடணனை இன்றும் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசுவோர் உண்டு, ஏசட்டும்.

உண்மையில் இந்த வேலைக்கு மிக நெருங்கிய பாத்திரம் இருவரும் அல்ல, மாரீசன். வேண்டாம், இது அழிவில் முடியும் என்று இராவணனுக்கு எடுத்துச் சொன்னவன் அவன். ஒத்துக்கொள்ளாவிட்டால் உயிர் போகும் என்று தெரிந்ததும் பொன்மானாக உருமாறிச் சீதையின் முன் போய் நின்றான். தன் விருப்பத்தால் அல்ல, மேலிடத்தின் நெருக்குதலால். வால்மீகியும் கம்பனும் அவனுடைய நெருக்கடியைச் சொல்லத் தவறவில்லை. ஆனால் அதற்காக மாயமானை மாயம் இல்லை என்று சொல்லிவிடவில்லை. “எனக்கும் பிடிக்கவில்லை சார், மேலே பிரஷர்” என்று சொல்லிக்கொண்டே படிவத்தை நீட்டுபவருக்கு இராமாயணம் வைத்திருக்கும் பெயர் இதுதான். அச்சரப்பாக்கத்து ஆட்சீஸ்வரர் கோயிலின் தலக்கதையும் பக்கத்திலேயே நிற்கிறது. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரே, விநாயகரை வணங்கும் முறையை மறந்ததால் இங்கே அச்சு முறிந்து நின்றதாம். இலக்கு எத்தனை பெரியதாக இருந்தாலும் முறை முறைதான்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததையும் அந்த இளைஞர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்கு அல்லது அட்டையைக் கட்ட வேண்டும் என்று அங்கே விரட்டினார்கள். டார்கெட்டை எட்ட, கேட்காதவர் பெயரிலெல்லாம் கணக்குத் திறந்தார்கள் ஊழியர்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது வெளியான எண்ணிக்கை, அனுமதியில்லாத கணக்குகள் ஏறக்குறைய இருபது லட்சம். வேலை போனவர்கள் சுமார் 5,300 பேர், பெரும்பாலும் கீழ்த்தட்டு ஊழியர்கள். டார்கெட்டை வைத்தவர் தப்பிக்க வழி இருக்கும். கையெழுத்து வாங்கியவரின் பெயர்தான் படிவத்தில் இருக்கும். இந்தியாவில் 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டத் தடைச் சட்டமும், பொய் சொல்லி ஆள் சேர்ப்பவரைக் குற்றவாளியாகவே பார்க்கிறது.

விற்பனை என்றாலே இழிவு என்று இங்கே சொல்லவில்லை. தவம் முற்றியதாகச் செருக்கிய ஜாஜலி முனிவரைக் காசியில் கடை வைத்திருந்த துலாதாரன் என்ற வணிகனிடம் பாடம் கேட்க அனுப்புகிறது மகாபாரதத்தின் சாந்தி பருவம். ஏழைக் குடும்பத்துக்கு உரிய நேரத்தில் டெர்ம் காப்பீட்டை எடுத்துக் கொடுத்தவர் கோயில் கட்டியவருக்குச் சமம். நேர்மையாக விற்கவிடும் மேலாளர் கிடைத்தவர் இருக்கட்டும், இந்தக் கட்டுரை அவருக்கானதல்ல.

மற்றவர்களுக்கு அரசும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. நல்ல காரியம். கால் வலிக்குச் சட்டம் வந்தது, பொய் சொல்ல மறுக்கும் உரிமைக்கு வரவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் நாளைக் காலையே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வரவேண்டும் என்பதல்ல. நோட்டீஸ் காலத்தை முடிக்கட்டும், ரிலீவிங் லெட்டரும் பி.எஃப். விவரமும் வாங்கட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த நோட்டீஸ் காலத்திலும் ஒரு பொய்யான பாலிசி போடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் போவதோடு பொறுப்பு தீராது. ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய வீடுகள் இருக்கின்றன. பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். முன்பு பொதுவாகப் பதினைந்து நாளாக இருந்த இந்தக் காலம் 2024 ஏப்ரலில்தான் இரட்டிப்பானது. கடைசி மாதத்தில் விற்றவர்களின் வீட்டுக்கு அதே பைக்கில் போய், எது மறைக்கப்பட்டது என்று சொல்லி, அந்தக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். கெடு தாண்டியவர்கள் முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான புகாரை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.