அறிவுக்கு வேலி எதற்கு?

“நான் கண்டது எனக்கே உரியது” என்கிறான் ஒருவன். “நீ காண்பதற்கு விளக்கேந்தி நின்றவர் எத்தனை பேர்?” என்று கேட்கிறது பகுத்தறிவு. ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று இது. நெதர்லாந்து நாட்டு ஐந்தோவன் நகரிலே, நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு!

1891-ல் அந்நகரிலே பிலிப்ஸ் குடும்பத்தார் மின்விளக்குத் தொழில் தொடங்கினர். அந்நாளில் அந்நாட்டில் காப்புரிமைச் சட்டமே இல்லை. 1869-ல் ஒழிக்கப்பட்ட அச்சட்டம் 1912-ல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அயல்நாட்டார் கண்டறிந்ததை அச்சமின்றி எடுத்தாண்டனர், தொழில் தழைத்தது. சட்டம் திரும்பியபின், 1914-ல், தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். திறந்த வெளியிலே வளர்ந்த மரம், தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டது!

வேலிக்குள்ளே வித்தகர் இருந்தனர், விந்தைகளும் விளைந்தன. 1926-ல் தெல்லகன் கண்ட ஐம்முனைக் குழல் வானொலிக்கு வலிவூட்டியது. ஆயினும் காலம் மாறிற்று. ஒரு கருவிக்குள் ஓராயிரம் நுட்பங்கள் கலந்தபோது, எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் அறிந்திருத்தல் அரிதாயிற்று. 1998-ல் தன் ஆய்வுப் பணிகளை ஒரே வளாகத்தில் திரட்டத் தொடங்கிய பிலிப்ஸ், 2003-ல் அதன் வாயிலைப் பிறருக்கும் திறந்தது. அதே ஆண்டு, அமெரிக்கப் பேராசிரியர் என்றி செசுபரோ தம் நூலின் வாயிலாக இம்முறையைத் ‘திறந்த புத்தாக்கம்’ என்ற பெயரால் பரப்பினார்.

அங்கே தூசு புகாத ஆய்வறைகள் பொது; விலைமிக்க அளவைக் கருவிகள் பொது; உணவகங்களும் பொது. தனியே வாங்க இயலாத கருவியை, நேற்றுத் தோன்றிய சிறு நிறுவனமும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். போட்டியாளர் இருவர் ஒரே மேசையில் உண்ணும்போது, பேச்சு பிறக்கிறது. பேச்சிலே புதுமை பிறக்கிறது.

இது கருணையா? அல்ல, தேவை! தேவையால் திறந்த கதவு என்பதால் அதை இகழ வேண்டுமா? வேண்டாம். நோக்கம் எதுவாயினும், நுழைந்தவன் பயன்பெறுகிறான். ஆனால், கதவு திறந்ததாலேயே கைகூப்பி வணங்கவும் வேண்டாம்.

கேளுங்கள், தோழர்களே! உள்ளே செல்பவர் யார்? வாடகை தர வல்லவர். கண்டுபிடிப்பு யாருக்கு? ஒப்பந்தம் யாரைச் சுட்டுகிறதோ, அவருக்கு. 2012-ல் அவ்வளாகமே தனியார் முதலீட்டாளர்க்கு விற்கப்பட்டது. வேலி வீழ்ந்ததா, விரிந்ததா?

2005-ல் அங்கே தோன்றிய ஓல்சுட்டு ஆய்வு மையத்தைப் பாருங்கள். பெல்சியத்தின் ஐமெக், நெதர்லாந்தின் டி.என்.ஓ. எனும் இரு ஆய்வு நிறுவனங்கள் அதை நிறுவின. தொழில் நிறுவனங்களின் பணத்தோடு மக்களின் வரிப்பணமும் அங்கே சேர்கிறது. வித்து மக்களுடையது என்றால், விளைச்சலில் மக்களுக்குப் பங்கு எங்கே? விலைக் குறைவாகவா, வேலையாகவா, எவரும் கற்கத்தக்க ஏடாகவா? வரி கொடுத்தவன் இதைக் கேட்பது பேராசையன்று, உரிமை.

முதலீடு செய்தவனுக்கு ஊதியம் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால், முன்னோர் ஈட்டிய அறிவு என்னும் பெருமுதலை இலவசமாகப் பெற்றவன், தன் பங்கை மட்டும் பூட்டி வைப்பது நேர்மையாகாது. வாயில் எத்தனை அகலம் என்பதன்று அளவுகோல். வாயிலுக்கு வெளியே நிற்பவனின் கைக்கு எது வந்து சேர்கிறது என்பதே அளவுகோல். அதைக்கொண்டு அளப்போம், அளந்தபின் பாராட்டுவோம்!