மஞ்சள் கடுதாசிக்கு முன்னால்

ஆரணியில் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் நாலு நாள் நின்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுவார்கள். பாவு வரவில்லையா? உடம்பு சரியில்லையா? இன்னொரு கேள்வியும் மனதுக்குள் ஓடும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்: கடனுக்குப் பயந்து கிளம்பிவிட்டாரா?

முதலாளியிடம் முன்பணம், மகள் கல்யாணத்துக்கு நகை அடகு, மனைவி பேரில் மகளிர் குழுக் கடன், அதை அடைக்க வார வட்டி. இந்த நிலையில் ஒருவர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகலாம், அதைவிடக் கொடிய முடிவையும் எடுக்கலாம். அதற்கு முன் அவர் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று மன்றாடவே இதை எழுதுகிறேன்.

மஞ்சள் கடுதாசி என்பது நொடிப்பு மனு. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்றால் நம் பேச்சில் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆரணி நெசவாளருக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம்தான். கடன்காரர்கள் பெயர், சொத்து விவரம் எல்லாவற்றையும் மனுவில் எழுதித் தர வேண்டும். நீதிமன்றம் நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து, அது நியமிக்கும் ரிசீவர் பொறுப்புக்குப் போகும். வீடு போகக்கூடும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் சமையல் பாத்திரம், படுக்கை, மனைவி கழுத்துத் தாலி, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. பிழைப்புக்கான கருவியைப் பிடுங்கக் கூடாது என்ற அந்த அறம் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது. உண்மையிலேயே கையில் இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் 1980-இல் சொன்னதும் இதே அறம்தான்.

வக்கீலை எப்படித் தேடுவது? இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் சிவில் வழக்கு நடத்தியவர்களிடம் விசாரித்துத்தான் போக வேண்டும். கோர்ட் வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் தரகரை நம்ப வேண்டாம். எத்தனை ஐ.பி. மனு, அதாவது நொடிப்பு மனு, நடத்தினீர்கள், கடைசியில் கடனிலிருந்து விடுவிப்பு உத்தரவு வாங்கினீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கேட்காவிட்டால், நொடித்தவர் என்ற உத்தரவே ரத்தாகிவிடும். பீஸை எழுத்தில் வாங்குங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேச வக்கீலுக்கு அனுமதியில்லை. பணமில்லாதவருக்குச் சட்டப்பணிகள் குழு உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

'முதலில் வீட்டை மச்சான் பேருக்கு மாற்றிவிடுங்கள்' என்று யோசனை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அப்படி மாற்றியதைக் கோர்ட் செல்லாததாக்கலாம். சொத்தை ஒளித்தால் தண்டனையும் உண்டு. சட்டம் கண்டுபிடிக்காது என்றாலும் நான் இதையேதான் சொல்வேன்.

வக்கீலிடம் போவதற்கு முந்தின இரவு, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். புரோநோட்டுக் கடன், அடகுச் சீட்டு, குழுக் கடன் அட்டை எல்லாம் தானாகவே நினைவுக்கு வரும். பாவு புணைக்க வந்தவருக்குத் தராமல் நின்ற கூலிக்குச் சீட்டு இருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய இரவில், எதிர்வீட்டு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தந்த மூவாயிரத்துக்கும் சாட்சி இல்லை. அந்த இரண்டு பெயரையும் முதல் வரியில் எழுதுங்கள்.